கிரவுண்ட் கேபிளில் ஒன்பது வோல்ட்

1. போன்

ஆகஸ்ட் மாதம். மத்தியானம் மூன்றே முக்கால் இருக்கும். ரவுண்ட் ராக் என்ற ஊரில் ஓர் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஒரு பழைய காருக்கு பெல்ட் மாற்றி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ரேவதி.

"அக்கா, வண்டி ஸ்டார்ட் ஆகல. முரளி உள்ள இருக்கார்."

அவள் குரலைக் கேட்டதுமே துணியைக் கீழே போட்டேன்.

நான் மொபைல் மெக்கானிக். கடை கிடையாது. என் வேனில் டூல்ஸ் இருக்கும், கூப்பிடுகிற இடத்துக்குப் போவேன். ஈரோட்டில் எலெக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவள். கணவர் வேலைக்காக டெக்சஸ் வந்து, வேலை செய்ய அனுமதி இல்லாமல் பல வருஷம் வீட்டில் இருந்தேன். அனுமதி வந்ததும் கம்யூனிட்டி காலேஜில் ஆட்டோமோட்டிவ் கோர்ஸ் சேர்ந்தேன். ஒரு டீலர் சர்வீஸ் சென்டரில் ஏழு வருஷம் வேலை பார்த்துவிட்டு இந்த வேனை வாங்கினேன். என் கஸ்டமர்களில் பாதிப் பேர் சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்கள்.

ரேவதியின் கணவர் முரளி ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் டெஸ்டிங் லீட். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஃப்ரீவேயில் நடந்த விபத்தில் கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டது. நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பவர் வீல்சேரில்தான் இருப்பார். அவர்கள் வேனை அதற்கேற்ற மாதிரி மாற்றிக் கட்டியிருந்தார்கள். பக்கக் கதவில் ரேம்ப் இறங்கும். சேர் உள்ளே போனதும் தரையில் இருக்கும் எலெக்ட்ரிக் லாக் அதைப் பிடித்துக்கொள்ளும். நான் முதல் தடவை அவர்கள் வீட்டுக்கு வேலைக்குப் போனபோதே ரேவதி சொல்லியிருந்தாள்: "அவருக்கு வெயில் ஆகாதுக்கா. உடம்பு வேர்க்காது. ஹீட் உள்ளயே ஏறிக்கிட்டே போகும்."

அன்றைக்கு வெளியே நூற்று நாலு டிகிரி.

"சாவியைத் திருப்பினா என்ன சத்தம் வருது கண்ணு?"

"டக்குனு ஒரே ஒரு சத்தம். டேஷ்போர்டு லைட்டெல்லாம் அணைஞ்சிடுது."

"சேரை வெளிய எடுக்க முடியலையா?"

"லாக் ரிலீஸ் ஆக மாட்டேங்குது. எமர்ஜென்சிக்கு கையால இழுக்கற லீவர் ஒண்ணு இருக்கில்ல, இழுத்தேன், பிடி கையோட வந்துடுச்சு. நூத்தம்பது கிலோ சேர்க்கா, நான் என்ன பண்ணுவேன்?"

"மொதல்ல நைன் ஒன் ஒன் கூப்பிடு."

"கூப்பிட்டாச்சு. வராங்க. ஃப்ரீவேல ஏதோ பெரிய ஆக்சிடென்ட்டாம், கொஞ்சம் லேட் ஆகும்னாங்க. தெரபி சென்டர் பார்க்கிங்லதான் இருக்கோம். நீங்க எங்க இருக்கீங்க?"

"எட்டு நிமிஷத்துல வந்துருவேன். எல்லாக் கதவையும் திறந்து வை. ஈரத்துணி போட்டுக்கிட்டே இரு."

போனை வைப்பதற்கு முன் அவள் ஒன்று கேட்டாள். "பேட்டரி புதுசுதானேக்கா? நீங்கதானே போட்டீங்க?"

ஆமாம். பத்து நாளைக்கு முன்னால் நான்தான் போட்டேன்.

2. எட்டு நிமிஷம்

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்வார்கள். எங்களுக்கு அது இரண்டு வேறு நோய். சாவியைத் திருப்பினால் எஞ்சின் 'கிர்ர் கிர்ர்' என்று சுற்றுகிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை என்றால் பெட்ரோல், ஸ்பார்க், சென்சார் என்று அந்தப் பக்கம் தேடவேண்டும். எஞ்சின் சுற்றவே இல்லை என்றால் அது நோ கிராங்க். பேட்டரி, கேபிள், எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் என்று இந்தப் பக்கம். ஒரே ஒரு 'டக்' வந்து லைட்டும் அணைகிறது என்றால் கரண்ட் கேட்கிற இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

பத்து நாளைக்கு முன்னாலும் இதே 'டக்'தான். அன்றைக்கு அவர்கள் வீட்டு டிரைவ்வேயில் வண்டி நின்றது. பேட்டரி பழையது. டெஸ்டரில் வைத்தேன், வீக் என்று காட்டியது. மாற்றினேன். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. "இனிமே பயப்படாம ஓட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடினேன். பக்கத்து ஊரான ஜார்ஜ்டவுனில் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார்.

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அந்த அரை மணி நேரத்தை மனதில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். கிளாம்பை டைட் பண்ணியது. கவர் போட்டது. பானெட்டை மூடுவதற்கு முன் நெகட்டிவ் கேபிள் மேல் கை பட்டது. சுட்டது.

பாசிட்டிவ் கேபிள் சுடவில்லை. நெகட்டிவ் மட்டும்தான். ஒரு கேபிள் மட்டும் சுட்டால் அதற்குள் கரண்ட் தடைபடுகிறது என்று அர்த்தம். டெக்சஸ் வெயிலில் எது சுடாது என்று நினைத்துக்கொண்டு பானெட்டை இறக்கிவிட்டேன்.

சிக்னலில் நின்றபோது வேறு ஏதாவது காரணமாக இருக்கவேண்டும், ஸ்டார்ட்டர் போயிருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. உள்ளே ஒரு மனிதர் வெந்துகொண்டிருக்கிறார், நான் தப்பு என்னுடையதாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

3. பார்க்கிங்

நிழலே இல்லாத இடம். தார் இளகி ஷூவில் ஒட்டியது. வேனின் எல்லாக் கதவும் திறந்திருந்தது. தெரபி சென்டர் ரிசப்ஷனில் இருக்கும் பெண் ஒரு பெரிய குடையைப் பக்கக் கதவில் பிடித்துக்கொண்டு நின்றாள். முரளியின் கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் பைகள். ரேவதி துண்டை நனைத்து நனைத்து அவர் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் முகம் சிவந்து, துளி வியர்வை இல்லாமல் காய்ந்திருந்தது.

"வாங்கக்கா" என்றார். வார்த்தை இழுத்துக்கொண்டு வந்தது. "தலை... சுத்துது."

"பேச வேண்டாம் முரளி. இருங்க."

ஜம்ப் பேக்கை எடுத்தேன். கைக்கு அடக்கமான பேட்டரி அது. காலையிலிருந்து இரண்டு காரை அதை வைத்துத்தான் கிளப்பியிருந்தேன். சார்ஜ் காட்டும் நாலு கோட்டில் இரண்டு மிச்சம். சிவப்பை பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் மாட்டினேன்.

"திருப்பு ரேவதி."

டக். லைட் அணைந்தது.

"இன்னொரு தடவை."

டக்.

ரேவதி டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். "என்னக்கா ஆச்சு? நீங்க பார்த்துட்டு எல்லாம் சரின்னுதானே சொன்னீங்க?"

இந்த நிலைமையில் கை தானாகச் சுத்தியலைத் தேடும். ஸ்டார்ட்டரைத் தட்டிப் பார், ஃபியூஸைப் பிடுங்கி மாட்டிப் பார் என்று மூளை எதையாவது செய்யச் சொல்லும். பத்து நாளைக்கு முன்னாலும் அப்படித்தான், கண்ணில் பட்ட முதல் காரணத்தை மாற்றிவிட்டுப் போனேன். மல்டிமீட்டரை எடுத்தேன்.

"மீட்டர் வச்சுப் பார்த்துட்டிருக்கீங்களே! ஏதாவது பண்ணுங்கக்கா!" ரேவதி கத்தினாள்.

"ஒரே நிமிஷம் கண்ணு. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பு. நான் சொல்ற வரைக்கும் விடாத."

பேட்டரியின் இரண்டு போஸ்டிலும், அதாவது பிளஸ், மைனஸ் குமிழ்களில், மீட்டர் முனையை வைத்தேன். பன்னிரண்டரை வோல்ட். சாவி திரும்பியது. ஸ்டார்ட்டர் கரண்ட் இழுத்தால் வோல்டேஜ் சடாரென்று இறங்கவேண்டும். அசையவே இல்லை. பேட்டரி நல்ல பேட்டரி. அதிலிருந்து கரண்ட் கிளம்பவே இல்லை.

கறுப்பு முனையை நெகட்டிவ் போஸ்டிலேயே விட்டுவிட்டு, சிவப்பை எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் வைத்தேன். இரண்டும் கிரவுண்ட், அதாவது மைனஸ் பக்கம். நடுவில் கேபிள் நன்றாக இருந்தால் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டவேண்டும்.

"திருப்பு."

ஒன்பது வோல்ட்.

ஸ்டார்ட்டருக்குப் போகவேண்டியதில் முக்கால்வாசி அந்தக் கேபிளுக்குள் நின்றுபோயிருந்தது. நான் தொட்டுப் பார்த்து, சுடுகிறது என்று தெரிந்து, விட்டுவிட்டுப் போன கேபிள்.

வருத்தப்பட நேரமில்லை. ஜம்ப் பேக்கின் கறுப்புக் கிளாம்பை போஸ்டிலிருந்து பிடுங்கி அந்த எஞ்சின் போல்ட்டிலேயே கடிக்க வைத்தேன். கெட்ட கேபிளைத் தாண்டி வேறு வழி. டேஷ்போர்டு பளிச்சென்று எரிந்தது.

ரேவதியின் கை சாவிக்குப் போனது. "ஸ்டார்ட் பண்ணட்டுமா?"

"வேண்டாம்! சாவியைத் தொடாத!"

அந்த வழியில் கரண்ட் கொடுப்பது ஜம்ப் பேக் மட்டும்தான். இரண்டே கோடு. ஸ்டார்ட்டர் ஒரு தடவை சுற்றினாலே அது மொத்தமும் உறிஞ்சப்பட்டுவிடலாம். எஞ்சின் பிடித்தால் ஏசி வரும். பிடிக்கவில்லை என்றால் லாக்கைத் திறக்கக்கூடக் கரண்ட் மிஞ்சாது. லாக்குக்கு வேண்டியது கொஞ்சம்தான்.

"லாக் சுவிட்சை மட்டும் அமுக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். நம்பவா வேண்டாமா என்கிற பார்வை. அந்த நேரத்தில் என்னை நம்புவதற்கு அவளிடம் ஒரு காரணமும் இல்லை. அமுக்கினாள்.

சேருக்கடியில் இரும்பு நகரும் சத்தம். சேர் விடுபட்டது.

ரேம்ப்புக்குக் கரண்ட் செலவழிக்காமல் நானும் ரிசப்ஷன் பெண்ணும் கையால் பிடித்து இறக்கினோம். உலோகம் உள்ளங்கையைப் பொசுக்கியது. முரளியின் விரல் ஜாய்ஸ்டிக்கில் நிற்கவில்லை. ரேவதி அவர் கைமேல் தன் கையை வைத்து ஓட்டினாள். சேர் இறங்கியது, தார்ச்சாலையைக் கடந்தது, கண்ணாடிக் கதவு திறந்தது. ஏசி காற்று வெளியே நின்ற என் முகத்திலும் பட்டது.

ஆம்புலன்ஸ் அதற்குப் பிறகு ஆறு நிமிஷம் கழித்து வந்தது. லாபியிலேயே அவருக்குக் குளிர்ச்சி கொடுத்தார்கள். உடம்புச் சூடு நூற்று இரண்டுக்கு மேல் ஏறியிருந்தது. முக்கால் மணி நேரம் கூடவே இருந்து, மெல்ல மெல்ல இறங்குவதைப் பார்த்து, பேச்சு தெளிவானதும்தான் போனார்கள்.

4. கேபிளுக்குள்

அவர்கள் லாபியில் இருந்தபோது நான் அந்த நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிட்டு, என் வேனில் இருந்த தடிமனான கேபிளை அளந்து வெட்டி மாட்டினேன். மறுபடி அளந்தேன். மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்தது.

பழைய கேபிளின் மேலுறையைக் கத்தியால் கீறினேன். வெளியே பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. நாலைந்து இழைகள்தான் முழுசாக இருந்தன. அன்றைக்குக் கிளாம்பை டைட் பண்ணியபோது அந்த இழைகள் அசைந்து தற்காலிகமாக ஒட்டியிருக்கின்றன. அதனால்தான் வண்டி கிளம்பியது.

கேபிளைக் குப்பையில் போட்டுவிட்டு, "கேபிள் போயிடுச்சு, மாத்திட்டேன்" என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. ஒரு நிமிஷம் அப்படி யோசித்தேன். பிறகு அதைக் கையில் எடுத்துக்கொண்டே உள்ளே போனேன்.

"ரேவதி, தப்பு என்னுதுதான். அன்னிக்கே இது சுட்டுது. தொட்டுப் பார்த்தேன். அளந்து பார்க்காம போயிட்டேன். பேட்டரி பழசுதான், ஆனா கோளாறு இதுல."

அவள் அழவில்லை, திட்டவில்லை. கேபிளை வாங்கிப் பார்த்தாள். "இன்னும் அரை மணி நேரம் ஆயிருந்தா என்னக்கா ஆயிருக்கும்?" என்றாள். கேபிளை நாற்காலியில் வைத்துவிட்டு முரளியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முரளிதான் பேசினார். "எங்க டீம்ல இதுக்கு ஒரு ரூல் உண்டுக்கா. பிராப்ளம் தானா போயிடுச்சுன்னா கம்ப்ளெய்ன்ட் டிக்கெட்டை க்ளோஸ் பண்ண விடமாட்டேன். ஏன் போச்சுன்னு எழுதணும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "வண்டி ஓடுதா இப்போ?"

"ஓடுது. அளந்துட்டேன்."

"நம்பர் அனுப்புங்க."

வாட்ஸ்அப்பில் மீட்டரின் போட்டோவை அனுப்பினேன்.

5. பிறகு

அதற்கப்புறம் ரேவதி என்னைக் கூப்பிடவில்லை. ஆயில் மாற்ற வேறு கடைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். நியாயம்தான். ஒருநாள் இந்தியன் ஸ்டோரில் காய்கறிப் பக்கம் எதிரெதிரே பார்த்தோம். தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

ஏப்ரலில் முரளி போன் பண்ணினார். "அக்கா, வண்டி காலைல லேசா இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகுது. வேற எடத்துல காட்டினோம், எல்லாம் நல்லாயிருக்குன்னாங்க. ரேவதிக்கு நம்பிக்கை வரல. உங்களக் கூப்பிடச் சொன்னதே அவதான்."

போனேன். பேட்டரி, இரண்டு பக்கக் கேபிள்கள், ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட், எல்லாம் அளந்தேன். இரண்டு மணி நேரம். எல்லா நம்பரும் சரியாக இருந்தது. வண்டியும் நல்ல பிள்ளையாக ஒவ்வொரு தடவையும் சட்டென்று ஸ்டார்ட் ஆனது. ரேவதி முழு நேரமும் பானெட் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் ஓகேவாக்கா?"

ஓகே என்று சொல்வது எவ்வளவு சுலபம்.

"நம்பரெல்லாம் ஓகே. ஆனா ஏன் இழுக்குதுன்னு எனக்குத் தெரியல கண்ணு. தெரியாம உங்கிட்ட வண்டியக் குடுக்க மாட்டேன். நாளைக்கு எங்கயும் போக வேண்டியதில்லைன்னா வண்டிய என்கிட்ட விடு. ராத்திரி பூரா குளிர்ல நின்னு, காலைல மொதல் ஸ்டார்ட்ல அளக்கணும்."

அவள் வண்டிக்குள்ளிருந்து சாவியை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

"சாப்டுட்டுப் போங்க. ரசம் இருக்கு" என்றாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு, முதல் திருப்பில், ஸ்டார்ட்டர் தேவைக்கு ஒரு மடங்கு அதிகமாகக் கரண்ட் இழுத்தது. உள்ளே சுழலும் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தது. எஞ்சின் சூடான பிறகு தெரியாத கோளாறு. மாற்றினேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். வண்டி கிளம்பிவிட்டதே என்று டூல் பாக்ஸை மூடாதீர்கள். ஏன் நின்றது என்று ஒரு வரியில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் கஸ்டமர் முகத்தைப் பார்த்துத் தெரியவில்லை என்று சொல்லுங்கள். அதைக் கேட்டு யாரும் என்னைத் திருப்பி அனுப்பியதில்லை. சரியாகிவிட்டது என்று நான் சொன்னதை நம்பித்தான் ஒரு மனிதர் வேனுக்குள் மாட்டிக்கொண்டார்.