ஒரு சொட்டுக் குளத்தின் சாட்சிகள்

நான் எடுத்த படங்களில் அதிகம் பேர் பாராட்டியது ஒரு சாவுப் படம். பாராட்டியவர்களுக்கு அது தெரியாது. ஸ்டென்டர் என்று ஒரு நீலநிற நுண்ணுயிர் உண்டு. நாதஸ்வரத்தின் வாயைப் போல ஒரு முனை மட்டும் அகன்றிருக்கும். அதன் உடம்பிலுள்ள ஒவ்வொரு வரியும் தெரிகிற மாதிரி எடுத்திருந்தேன். இவ்வளவு துல்லியம் எப்படி வந்தது என்று இணையக் குழுவில் ஆளாளுக்குக் கேட்டார்கள். பொறுமைதான் என்று பதில் போட்டேன்.

உண்மையான பதில் வேறு. குளத்து நீரில் உயிரோடிருப்பது எதுவும் ஒரு நொடி சும்மா நிற்காது. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய கண்ணாடியால் மூடி, அதன் ஓரத்தில் டிஷ்யூவின் முனையை வைத்தால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். நகர இடமில்லாமல் பிராணி நசுங்கி நிற்கும். அந்தச் சில நொடிகளில் படத்தை எடுத்துவிட வேண்டும். உடனே ஒரு சொட்டு நீர் விட்டால் பிழைத்துக்கொள்ளும். விடாவிட்டால் ஓரத்தில் கிழிந்து, உள்ளே இருப்பதெல்லாம் மணல் போல வெளியே கொட்டிவிடும். பல தடவை துளிக்குழாய் கையில் இருந்தும் நான் விடவில்லை. கொடூரம் என்று சொல்ல முடியாது. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன், அவ்வளவுதான். அது எனக்குப் பழைய வியாதி.

பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. சர்க்கியூட் பலகைகளில் பழுது இருக்கிறதா என்று நாள் முழுக்க லென்ஸ் வழியே பார்ப்பேன். பழுது பார்த்துப் பார்த்து எனக்கு மனிதர்களிடமும் அதுதான் முதலில் தெரிகிறது. ஏழெட்டு வருடங்களுக்கு முன் ஒரு பழைய மைக்ராஸ்கோப் மலிவாகக் கிடைத்தது. கைப்பேசியை அதன் கண்ணில் பொருத்தப் பிளாஸ்டிக் பிடி ஒன்றையும் வாங்கினேன். சுங்கை பினாங்கில் பதினோராவது மாடி வீடு. அக்காவும் நானும் மட்டும். அக்கா வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். அவளுடைய தையல் மெஷின் ஒரு மூலையில், என்னுடைய மைக்ராஸ்கோப் மறு மூலையில். "நாள் பூரா வேலையில பார்க்குறது பத்தலியா? வீட்டுக்கு வந்தும் புழு படம் பிடிக்கணுமா?" என்பாள். ஆனால் விளக்கு சரியில்லை என்று நான் முனகியபோது, தன் மெஷின் விளக்கைக் கழற்றிக் கொடுத்தவளும் அவள்தான்.

முதலில் பூச்சாடித் தண்ணீர், பிறகு சாக்கடை, பிறகு கோயில் தொட்டி என்று எடுத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தக் குளத்துக்குப் போனேன். எங்கே இருக்கிறது என்பதை அக்காவிடம் சொல்லவில்லை.

பத்து காவான் தோட்டமாக இருந்தபோது நாங்கள் அங்கேதான் குடியிருந்தோம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருந்த அந்தக் குளத்தில்தான் எங்கள் அண்ணன் மூழ்கிப் போனான். அவனுக்கு இருபத்தாறு, எனக்குப் பதினாறு. இப்போது தோட்டமில்லை, லயமில்லை. குளத்தை மட்டும் மழைநீர் தேங்குவதற்காக விட்டுவைத்து, சுற்றி நடைபாதை போட்டு, நீந்தக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்து தொழிற்சாலை பஸ் வருவதற்குள் நடந்து போய், ஜாம் பாட்டிலில் மொண்டு வந்துவிடுவேன்.

அண்ணன் தனியாகத்தான் குளத்துக்குப் போனான் என்று அக்கா நம்பிக்கொண்டிருந்தாள். போலீசும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனது. நான் வீட்டில் படுத்திருந்ததாகச் சொல்லியிருந்தேன். உண்மையில் நான் கரையில் நின்றேன். பிறகு பின்பக்கமாக ஓடி வந்து, கால் சேற்றைக் கழுவி, பாயில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டேன். அக்காதான் என்னை உலுக்கி எழுப்பி, அண்ணன் போய்விட்டான் என்று சொல்லிக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அணைப்பில்தான் இத்தனை வருடம் சோறு தின்றேன். அவளுக்கு உண்மை தெரிந்தால் எனக்கு வேறு மனிதர் இல்லை. அந்தப் பயம் காய்ச்சல் மாதிரி என்னுள் இருந்துகொண்டே இருந்தது.

அப்படியானால் ஏன் அங்கேயே போய்த் தண்ணீர் மொள்ள வேண்டும்? காரணம் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். பாரமீசியம் போன்ற ஒற்றைச் செல் உயிர்கள் குட்டி போடுவதில்லை. ஒன்றே இரண்டாகப் பிரிகிறது. அந்த இரண்டில் தாய் எது, பிள்ளை எது என்று யாராலும் சொல்ல முடியாது. செத்துப்போன மூதாதை என்று அவற்றுக்கு ஒன்றும் கிடையாது. அப்படிப் பார்த்தால் இன்று என் சொட்டில் ஓடுவதும் அன்று அந்தத் தண்ணீரில் இருந்ததும் ஒன்றேதான். அண்ணனின் வாயிலும் மூக்கிலும் புகுந்தவைதான் என் லென்ஸுக்கு அடியில் சுற்றுகின்றன. என்னைத் தவிர அவை மட்டும்தான் சாட்சி. அவற்றில் சிலவற்றுக்குக் கண் மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. வெளிச்சத்தை மட்டும் அறியுமாம், உருவம் தெரியாதாம். அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

போன வருடம் அண்ணனின் திவசத்துக்கு முந்தின நாள், பஸ்ஸில் பாட்டில் விரிசல் விட்டுப் பை நனைந்துவிட்டது. மிச்சத்தை வீட்டுக்கு வந்ததும் ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, வண்டல் அடங்கட்டும் என்று சமையல் மேடையில் வைத்தேன். களைப்பில் தூங்கிவிட்டேன். மறுநாள் ஞாயிறு.

எங்கள் வீட்டில் படையல் அக்காவின் பொறுப்பு. அண்ணனுக்குப் பிடித்த இறால் சம்பல், கோழிக் கறி, சீனி கூடுதலாகப் போட்ட கோப்பி எல்லாம் அவன் படத்துக்கு முன் இலையில் இருக்கும். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். சூடம் காட்டியதும் நாங்கள் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். அவன் வந்து சாப்பிடுகிற நேரம் அது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து, காலையிலிருந்து பட்டினி கிடக்கும் அக்கா அந்தத் தண்ணீரில் ஒரு மிடறு குடித்துத்தான் விரதம் முடிப்பாள்.

கதவைச் சாத்துகிற கடைசி நொடியில் டம்ளரைப் பார்த்தேன். விளிம்பு நசுங்கிய டம்ளர். நான் முந்தின நாள் குளத்து நீரை ஊற்றியது. மேலே தெளிந்திருந்ததால் நல்ல தண்ணீர் என்று நினைத்து எடுத்து வைத்துவிட்டாள். அவனை விழுங்கிய தண்ணீரையே அவன் குடிக்க வைத்துவிட்டு வெளியே நிற்கிறோம்.

மாடி நடைபாதையில் அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். "ஏன்லா முகம் வெளுத்துப் போச்சு?" என்று கேட்டாள்.

"அந்தத் தண்ணியக் குடிக்காதீங்க அக்கா. அது நான் படம் எடுக்க வெச்சிருந்தது."

"குழாய்த் தண்ணின்னு நெனச்சேன். சாக்கடையா?"

"குளம்."

"எந்தக் குளம்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஊரில் குளத்துக்கா பஞ்சம்? இத்தனை வருடம் சொன்ன பொய்யில் இதுவும் ஒன்றாகப் போயிருக்கும். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்து கேட்கிற மாதிரி இருந்தது.

"பத்து காவான். லயத்துப் பின்னால இருந்த குளம்."

அக்கா கத்தவில்லை. "அங்க எதுக்குப் போற நீ?" என்று மட்டும் கேட்டாள். அதற்கும் படம் எடுக்க என்றே சொல்லித் தப்பித்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"அன்னிக்கு நான் அங்கதான் இருந்தேன் அக்கா. வீட்டுல படுத்திருக்கல. மூச்சடக்கி உள்ள போறேன், நீ எண்ணுன்னு சொன்னான். எண்ணிக்கிட்டே நின்னேன்."

அவன் எப்போதும் ஏமாற்றுவான். நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே சத்தமில்லாமல் கோரைப்புல் பக்கம் கரையேறி, பின்னால் வந்து பயமுறுத்துவான். அன்று ஏமாறக் கூடாது என்று எனக்குப் பிடிவாதம். தண்ணீரில் ஒரு தடவை கை தெரிந்தது. அதையும் நடிப்பு என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்காமல், கூப்பிடாமல், தண்ணீரையே பார்த்து எண்ணினேன். இவ்வளவையும் அக்காவிடம் சொல்லி முடித்தேன். அவள் என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தனை வரைக்கும் எண்ணினே?" என்று கேட்டாள்.

"முந்நூத்திப் பன்னெண்டு."

அக்கா சுவரை விட்டு நிமிர்ந்து நின்றாள். உதடு அசைந்தது. சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். ஏழு, எட்டு என்று சத்தம் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவசரப்படாமல் எண்ணினாள். அறுபது வந்தது. பக்கத்து வீட்டு அம்மா காய்கறி நிரம்பிய பசார் பையோடு லிஃப்டிலிருந்து வந்தார், எங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைப் பூட்டினார். நூறு வந்தது. போதும் அக்கா என்றேன். அவள் காதில் விழவில்லை. நூற்றைம்பதில் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இருநூறுக்கு மேல் அவள் குரல் கம்மிப்போனது, ஆனால் ஒரு எண்ணைக்கூட விடவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டில் நிறுத்தினாள்.

"இவ்ளோ நேரம் இருந்திருக்கு," என்றாள்.