கடைசிப் பூச்சு

என் வீட்டுக்காரர் அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக மாவுக்கட்டுப் போடுகிறார். டாக்டர் எலும்பைச் சேர்த்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். அதன்பிறகு எல்லாம் இவர்தான். பஞ்சு சுற்றுவார், மாவுத்துணியைத் தண்ணீரில் முக்கிப் பிழிவார், சுற்றுமேல் சுற்றாகப் போடுவார். எல்லாம் முடிந்தபிறகு மிச்சமிருக்கும் மாவைக் குழைத்து உள்ளங்கையால் ஒரு கடைசிப் பூச்சு. அந்தப் பூச்சை எந்த டாக்டரும் கேட்டதில்லை. அது இல்லாவிட்டால் இவருக்குத் தூக்கம் வராது. மருத்துவமனையில் இவர் பெயரே மாவுக்கட்டுதான். கோபம் வந்தால் வீட்டில் நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். அதாவது வாரத்தில் ஐந்து நாள்.

நல்ல மனிதர், ஆனால் பயந்தாங்கொள்ளி. நாள் முழுக்க முறிந்த கையையும் காலையும் பார்ப்பவருக்கு உலகத்தில் எல்லாப் படியும் வழுக்கும், எல்லா நாற்காலியும் சாயும். பதினேழு வயது மகளைப் பார்த்து இன்னமும் "பாப்பா, கைப்பிடியப் பிடிச்சு இறங்கு" என்பார். அவளுக்குச் சைக்கிள் வாங்க ஒன்பதாம் வகுப்பு வரை இழுத்தடித்தார். கடைசியில் நான் போய் வாங்கி வந்தேன்.

இப்படிப்பட்டவருக்குப் பிறந்தது, மண்சரிவில் குந்திக்கொண்டு செத்துப்போன மிருகத்தின் எலும்பைத் தேடுகிற பெண். யாரைக் கொண்டு பிறந்தாளென்று எனக்கே தெரியவில்லை.

போன கோடையில் அவள் புதைபடிவம் தோண்டும் முகாம் ஒன்றுக்குப் போனாள். கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கான இரண்டு வார முகாம். இந்தக் கோடையில் போனது அதற்கு மேல்படி. ஏற்கனவே களத்தில் வேலை செய்த பள்ளிப் பிள்ளைகளை மட்டும் எடுப்பார்கள். மொத்தம் பன்னிரண்டு பேர், ஐந்து வாரம். கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும், இரண்டு ஆசிரியர்கள் கடிதம் கொடுக்க வேண்டும், அதற்கப்புறம் நேர்காணல். எடுத்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கேள்வி கொடுத்து ஆராய்ச்சி செய்யச் சொல்வார்கள். முடிவில் பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்கள் முன்னால் நின்று பேசவேண்டும். அறிக்கையில் பெயர் வரும்.

இவளுக்கு வந்த கேள்வி ஓர் ஆற்றைப் பற்றியது. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் அந்தச் சரிவில் ஒரு ஆறு ஓடியதாம். அது எந்தத் திசையில் ஓடியது? தண்ணீர் அடித்துக்கொண்டு வந்த நீள எலும்புகள் பெரும்பாலும் ஓட்டத்தின் திசையில்தான் படுத்திருக்குமாம். எந்த எலும்பு எந்தத் திசையில் கிடக்கிறதென்று அளந்து சேர்த்தால் ஆறு தெரிந்துவிடும். அவள் இதைச் சொன்னபோது எனக்கே ஆசையாகத்தான் இருந்தது. இவர் கேட்டது, "அங்க பாம்பு இருக்குமா?"

சேரும்போது பெற்றோரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். தோண்டும் இடத்தில் பெற்றோர் எதையும் தொடக்கூடாது, மீறினால் மாணவரைத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று அதில் ஒரு வரி இருந்தது. இவர் அந்தத் தாளை நாலு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் போய்ப் பார்க்கலாம் என்றார்கள். போனோம். பஸ்ஸில் நாலு மணி நேரம், பிறகு அவர்களுடைய ஜீப். மகள் கறுத்து, மூக்குத் தோல் உரிந்து, சிரித்துக்கொண்டு நின்றாள். சரிவில் அவளுடைய குழிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஆட்டுக்கல் அளவுக்கு ஒரு மண்கட்டி. அதற்குள்ளே சின்னச் சின்ன எலும்பாக நிறைய இருக்கின்றனவாம். களத்தில் பிரித்தால் உடைந்துவிடும். அதனால் ஈரக் காகிதம் ஒட்டி, சாக்குத்துணியை மாவில் தோய்த்துச் சுற்றி, இறுகியதும் அப்படியே பெயர்த்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் அங்கே திறப்பார்கள்.

"அப்பா, பாத்தீங்களா, உங்க வேலதான்," என்றாள்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவள் மாவுத்துணியைச் சுற்ற, இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். "தண்ணி கொஞ்சம் ஜாஸ்தி பாப்பா," என்றார். "அந்த ஓரத்த மடிச்சு விடு." தொடவில்லை. அந்தத் தாள் ஞாபகம் இருந்தது.

கட்டு இறுகியதும் மகள் தடித்த பேனாவை எடுத்து அதன்மேல் வடக்குப் பக்கம் பார்த்து ஓர் அம்புக்குறி போட்டாள், பக்கத்தில் எண் எழுதினாள், நோட்டில் 'அம்பு போட்டாயிற்று' என்ற கட்டத்தில் ஒரு டிக் அடித்தாள். பெயர்த்துக் கவிழ்த்த பிறகு எது வடக்கு எது தெற்கு என்று கடவுளாலும் சொல்ல முடியாது என்றாள். அந்த அம்பு இருந்தால்தான் உள்ளே இருக்கும் எலும்புகளின் திசையை அளக்க முடியும். அவளுடைய ஆராய்ச்சியில் பாதி அந்த ஒரு கட்டில்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். எல்லோரும் கீழே கூடாரத்துக்கு இறங்கினோம். இவர் மட்டும் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். கால்மணி நேரம் கழித்து வந்தார். மணிக்கட்டுவரை வெள்ளை.

"என்ன இது?" என்றேன்.

"சும்மா. மிச்ச மாவு வீணா காயுதேன்னு."

நானும் விட்டுவிட்டேன். மாவைக் கண்டால் அளைகிற கை என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

புதன்கிழமை சாயங்காலம் மகள் போன் செய்தாள். வாரத்துக்கு ஒருநாள்தான் பிள்ளைகளிடம் போனைக் கொடுப்பார்கள். ஸ்பீக்கரில் போட்டேன். 'அம்மா' என்று ஆரம்பித்தவள் அழுதுவிட்டாள்.

"கட்டுல அம்பு இல்லம்மா. நம்பரும் இல்ல. திங்கக்கிழம வேற பசங்க பேத்து எடுத்து லேபுக்குக் கொண்டாந்துட்டாங்க. நேத்து பாத்தா ஒண்ணுமே இல்ல, வழவழன்னு இருக்கு. மேடம் நோட்ட எடுத்துப் பாத்தாங்க. டிக் இருக்கு. போடாமலே எதுக்கு டிக் அடிச்சேன்னு கேக்கறாங்க."

"நீ போட்டத நானே பாத்தேனேடி."

"நான் சொல்லாம இருப்பேனா. அப்பா அம்மா பாத்தாங்கன்னு சொன்னா யாரு நம்புவா? மறக்கறது கூடப் பரவாயில்லையாம், செய்யாதத செஞ்சேன்னு குறிக்கறதுதான் தப்பாம். வெள்ளிக்கிழம சாயங்காலத்துக்குள்ள என்ன நடந்துச்சுன்னு உண்மையச் சொல்லணுமாம். இல்லன்னா என்னை ஆராய்ச்சியிலேருந்து எடுத்துடுவாங்க." அப்புறம் கொஞ்சம் மெதுவாக, "ஒருவேள நான் போடலையோ என்னமோம்மா," என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். இவர் பேயறைந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். போனில் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குச் சோற்றைப் பிசைந்தபடியே இருந்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினார். மகளை நினைத்து வருத்தம் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பி, வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து அடுப்படியில் நின்றார்.

"அந்தக் கட்டு மேல நான்தான் பூசுனேன்," என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு மென்று மென்று சொன்னார். சாக்குப் பிசிரெல்லாம் நீட்டிக்கொண்டு, மேடும் பள்ளமுமாக இருந்ததாம். பார்க்கச் சகிக்கவில்லையாம். பிள்ளையின் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று மிச்ச மாவைக் குழைத்து ஒரே ஒரு பூச்சுப் பூசினாராம்.

"அம்பு கண்ணுல படல?"

"பட்டுச்சு. எங்க வார்டுல தேதி, முறிவோட படம் எல்லாம் கடைசிப் பூச்சு காஞ்சப்புறம்தான் எழுதுவோம். அதுக்கு முன்னாடி கிறுக்குனது கணக்குல வராது. இதுவும் அப்படித்தான்னு நெனச்சேன். திரும்ப எழுதிக்குவான்னு நெனச்சேன்."

கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுதினால் என்னைப் பற்றித் தப்பாக நினைப்பீர்கள். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பிறகு, "முகாம் ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டார்.

அப்போது நான் சொன்னதுதான் இன்னமும் என்னை அரிக்கிறது. "சும்மா இருங்க," என்றேன். "கையெழுத்துப் போட்ட தாள்ல என்ன இருந்துச்சு? தொட்டா பிள்ளைய அனுப்பிடுவாங்க. மறந்துட்டேன்னு அவ சொன்னா ஒரு திட்டோட போயிடும். நீங்க சொன்னா மூட்டையைக் கட்டிட்டு வரணும்." என் கணக்கு எனக்குச் சரியாகத்தான் பட்டது. அவரும் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனார். பயந்த மனிதரிடம் பயப்படச் சொன்னால் வேறென்ன செய்வார்.

ஆனால் அன்றைக்குப் பகல் முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. குழம்பு அடிப்பிடித்தது. 'போடலையோ என்னமோ' என்றது காதிலேயே நின்றது. கேஸை மூடினோமா என்று மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்க்கிறவர் இவர், அவள் அப்படியில்லை. மூடினால் மூடினேன் என்பாள், திரும்பிப் பார்க்க மாட்டாள். அப்படிப்பட்டவள் தன் கையால் போட்டதையே சந்தேகப்படுகிறாள். சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன்.

"நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுக்குப் போறோம். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்," என்றார். "இப்பவே போன் பண்ணிடவா?"

"போன்ல பூசி மெழுகுவீங்க. நேர்ல வாங்க."

அதுவும் என் தப்புதான். அப்போதே போன் செய்ய விட்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஆய்வகத்தில் நின்றோம். நீளமான அறை, மணல் நிரப்பிய தட்டுகள், தூரிகைகள், ஊசிகள். மகள் 'மேடம்' என்று சொன்ன பேராசிரியை எங்களைவிட வயதில் சின்னவர், கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர். மகளையும் கூப்பிட்டனுப்பினார். எங்களைக் கண்டதும் அவள் முகம் வெளிறியது. தன்னைக் கூட்டிப்போக வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டாள்.

இவர் உட்காரவில்லை. வழி முழுக்க ஒத்திகை பார்த்ததெல்லாம் போய், நேரே விஷயத்துக்கு வந்தார்.

"மேடம், பாப்பா அம்பு போட்டா. நான்தான் அது மேல மாவு பூசிட்டேன். அவளுக்குத் தெரியாது."

மகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்பு உள்ளதான் மேடம் இருக்கு," என்றார். "காஞ்ச கட்டு மேல பூசுனது சரியாப் பிடிக்காது. ஈரத்துணியும் ஒரு சின்னக் கத்தியும் குடுத்தா எடுத்துடறேன். எலும்பு அசையாது. என்னால முடியும்."

பேராசிரியை சம்மதித்தார். நாலு பேர் பிடித்துக் கட்டைச் சாய்த்தார்கள். இவர் ஈரத்துணியைப் போட்டு ஊறவிட்டு, கத்தியைப் படுக்கவைத்துச் சுரண்டினார். மை கரைந்து போயிருந்தால்? மெல்லிய ஏடாக மாவு உரிந்து வந்தது. முதலில் எண்ணின் வால் தெரிந்தது. பிறகு அம்பின் தண்டு, பிறகு முனை. மங்கல்தான், ஆனால் யார் பார்த்தாலும் அது அம்பு. பேராசிரியை குனிந்து படம் எடுத்துக்கொண்டார்.

"தாள்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா சார்?"

"இருக்கு மேடம். நாலு தடவ படிச்சேன்."

"இனிமே நீங்க இங்க வரக்கூடாது. ஆனா அவ செய்யாத தப்புக்கு அவளை அனுப்ப மாட்டேன். ஆராய்ச்சிய அவளே முடிக்கட்டும்."

நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பேராசிரியை மேசை இழுப்பறையைத் திறந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மகளிடம் நீட்டினார். "இது இனிமே என்கிட்ட இருக்கக் கூடாது," என்றார்.

மகள் கையை நீட்டவில்லை. நான் வாங்கிப் பிரித்தேன். அவளுடைய கையெழுத்து, வரி பிசகாமல். 'அம்பு போட்டதாக எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் கட்டில் குறி இல்லாததால் என் நினைவு பொய் என்று ஒப்புக்கொள்கிறேன். போடாமலே போட்டதாகக் குறித்திருக்கிறேன். ஆராய்ச்சியிலிருந்து என் பெயரை எடுத்துவிடலாம்.' கீழே பெயர், வியாழக்கிழமையின் தேதி, மாலை ஏழு மணி.

இவர் என் தோளுக்கு மேலாக அதைப் படித்தார். "பாப்பா," என்றார்.

அவள் அழவில்லை. கோபமாகக்கூடப் பேசவில்லை. "அப்பா, புதன்கிழம நான் போன்ல பேசினப்ப நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"இருந்தேன் பாப்பா."

"அப்பவே தெரியுமா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். மகள் என் பக்கம் திரும்பினாள்.

"உனக்குமாம்மா?"

"நேத்துக் காலையிலேருந்து," என்றேன்.