செல்லையனின் பருவும் பஜ்ஜி வழக்கும்

நெரவி ஊர்ச் செல்லையனுக்குப் பத்தாம் வகுப்பில் முளைத்த பரு, நாற்பது வயதாகியும் கன்னத்தை விட்டுப் போகவில்லை. "கல்யாணம் ஆனா சரியாப்போயிடும்" என்றார்கள். ஆயிற்று, பெண்ணே ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பரு மட்டும் அப்படியே இருக்கிறது.

காரைக்காலில் ஒரு அலுவலகத்தில் எழுத்தர் வேலை அவருக்கு. சாயங்காலம் பஸ் ஏறுமுன் டீக்கடையில் மூன்று வாழைக்காய் பஜ்ஜி சாப்பிடுவார். நாள் முழுக்கப் பார்த்தால் அவருக்கு உருப்படியான சந்தோஷம் அது ஒன்றுதான். மனைவி பங்கஜவல்லிக்கோ அதுதான் கண்ணில் உறுத்தியது. "அந்த எண்ணெய்தாங்க மூஞ்சியில வழியுது" என்பாள். அவள் முகத்தில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. அதுவே ஒரு கொடுமை.

அப்போதுதான் தோல் டாக்டர் சிவப்ரியா, பருவுள்ளவர்கள் முகத்திலிருக்கும் பாக்டீரியாவின் மரபணுவைப் படிக்கும் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்த்தார். செல்லையன் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். பஜ்ஜி நிரபராதி என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டால் அப்புறம் பங்கஜவல்லி வாய் திறக்க முடியாதல்லவா? தப்பு பஜ்ஜி மேல்தான் என்று வந்தால் ஆயுசுக்கும் தொடுவதில்லை என்று அவளிடம் வாக்கும் கொடுத்துவிட்டார், அசட்டுத் தைரியம்.

"ரெண்டு நாளைக்கு முகத்துல சோப்பு, கிரீம், பவுடர் எதுவும் போடாதீங்க சார்" என்றார் டாக்டர். செல்லையன் தலையை ஆட்டினார். ஆனால் எண்ணெய் வழியும் மூஞ்சியோடு ஒரு டாக்டர் முன்னால் போய் எப்படி உட்காருவது? காலையில் பழைய சோற்றுப் பானையிலிருந்து நீராகாரத்தை மொண்டு, முகத்தில் நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனார். பஞ்சுக் குச்சியால் கன்னத்தைத் துடைத்து எடுத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் கூப்பிட்டனுப்பினார்.

"சார், உங்க கன்னத்துல பழைய சோத்துல இருக்கிற பாக்டீரியாதானே நிறைய வந்திருக்கு?"

"சோப்புதானேங்க போடக்கூடாதுன்னீங்க?"

இரண்டாம் தடவை பங்கஜவல்லியே காவலுக்கு வந்தாள். பரு இல்லாத முகமும் ஒப்பிட வேண்டும் என்று டாக்டர் அவள் கன்னத்திலும் குச்சியை வைத்தார். முடிவு வந்தது. இருவர் முகத்திலும் ஒரே வகை பாக்டீரியா.

"இது எல்லார் தோல்லயும் இருக்கிறதுதான். ஒரே வீட்ல இருந்தா ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்கு வந்திருக்கலாம்" என்றார் டாக்டர். "ஒருத்தருக்கு மட்டும் ஏன் பரு வருதுன்னுதான் தேடிக்கிட்டிருக்கோம். பஜ்ஜியைப் பத்தி இந்த டெஸ்ட் ஒண்ணும் சொல்லாது."

செல்லையனுக்கு அது விடுதலைத் தீர்ப்பாகவே கேட்டது. நேரே டீக்கடைக்கு மனைவியை அழைத்துப் போய் மூன்று பஜ்ஜி வாங்கினார்.

"பாத்தியா, ஒன் மூஞ்சியில இருக்கிறதுதான் என் மூஞ்சியிலயும். பஜ்ஜி என்ன பாவம் பண்ணுச்சு?"

"எங்கிட்ட இருக்கிற வரைக்கும் அது ஒழுங்காத்தாங்க இருக்கு" என்றாள் பங்கஜவல்லி. "ஒங்ககிட்ட வந்துதான் கெட்டுப்போயிருக்கு. இங்க என்னத்தத் தின்னுச்சோ."

செல்லையன் பஜ்ஜிக்குக் கை நீட்டுவதற்குள் அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எனக்குத்தான் வராதே" என்று சொல்லி, மூன்றையும் அவளே சாப்பிட்டாள்.