மோட்டார் பெட்டிக்குள் போன மாலை

ஊரப்பாக்கத்தில் மீன் விற்ற காலத்தில், கூடைக்குள் வாயை வைக்க வரும் பூனையைக்கூட தனக்கோடி, "போய்ட்டு அப்பால வாம்மா" என்றுதான் அனுப்புவாள். அப்பேர்ப்பட்டவள் திருவிடந்தைக்குக் குடிவந்தால் என்ன ஆகும்? அந்தச் சுற்றுவட்டாரத்து ஜீவராசியெல்லாம் அவள் வீட்டில்தான்.

குடிவந்ததற்கு அவள் புருஷன் மாரி சொல்லும் காரணம் முழங்கால் வலி. பழைய வீட்டு மாடிப்படியை அவனால் ஏற முடியவில்லை. தனக்கோடி சொல்லும் காரணம் பெருமாள். மகள் சங்கவிக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, வரன் ஒன்றும் குதிரவில்லை. கல்யாணம் கூட்டி வைக்கிற சாமியின் காலடியிலேயே போய்க் குந்திக்கொண்டால் தினமும் ஞாபகப்படுத்தலாம் இல்லையா?

சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு துண்டு மனை, அதில் இரண்டு அறை வீடு. தனக்கோடி கத்தரி நட்டாள், மயில் தின்றது. வெண்டை நட்டாள், குரங்கு தின்றது. அவள் நடாத கோவைக்கொடி மட்டும் வேலியில் ஏறி, முருங்கையில் ஏறி, குளியலறைக் கூரையை மூடி, பக்கத்து வீட்டு மணியின் டிஷ் ஆன்டெனாவில் போய்ச் சுற்றிக்கொண்டது. டிவியில் படம் வரவில்லை என்று மணி சண்டைக்கு வந்தால், ஒரு முறம் கோவைக்காயைக் கொடுத்து அனுப்புவாள். காயப்போட்ட கருவாட்டைக் கீரிப்பிள்ளை இழுத்துக்கொண்டு போனது. ஒரு குரங்கு ஜன்னல் வழியாக உள்ளே வந்து, சோற்றுப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு, பழைய சோறு என்று தெரிந்ததும் திரும்பவும் மூடிவிட்டுப் போனது. ஒழுங்காக வளர்ந்த பிள்ளை என்று தனக்கோடி அதை இன்றைக்கும் மெச்சிக்கொள்வாள். மாரிக்கு இது ஒன்றும் பிடிக்காது. ஜேசிபி கொண்டுவந்து கொடியும் புதருமாக ஒரே வழியாக வழித்துவிடுகிறேன் என்று வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வான்.

குடிவந்த தை மாதமே சங்கவியைக் கோயிலுக்கு அழைத்துப்போய், மாலை போட்டுப் பிராகாரம் சுற்ற வைத்தார்கள். அந்த மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாகக் கொண்டுபோய்க் கோயிலில் சேர்ப்பது வழக்கம். தனக்கோடி அதைத் துணிப்பையில் போட்டு ஜன்னலுக்கு மேலே ஆணியில் மாட்டினாள். பெருமாள் புண்ணியத்தில் ஆவணியில் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை தீனா, செங்கல்பட்டில் செல்போன் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிற பையன். குணமானவன். அவன் அம்மா அமிர்தவல்லியும் குணமானவள்தான். ஆனால் கல்யாணப் பந்தியில் சாம்பாரை இரண்டு தடவை திருப்பி அனுப்பியவள்.

வெள்ளிக்கிழமை சங்கவி, தீனா, அமிர்தவல்லி மூன்று பேரும் மாலையைச் சேர்க்க வருவதாக ஏற்பாடு. அன்று காலை தனக்கோடி குளித்து முழுகி, ஆணியிலிருந்து பையை எடுத்தாள். பை காற்றாக இருந்தது. அடியில் ஒரு ஓட்டை. உள்ளே காய்ந்த இதழ் ஒன்று.

பையை உதறிப் பார்த்தாள். சாமி மாலையைத் தொலைத்த வீட்டுப் பெண் என்று அமிர்தவல்லி வாயிலிருந்து ஒரு சொல் விழுந்துவிட்டால், சங்கவி அதை ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துக் கொல்லையிலிருந்து மாரி கூப்பிட்டான். மோட்டார் ஓடவில்லை, தொட்டியில் தண்ணீர் இல்லை. சுவரில் கதவு உடைந்து கிடந்த மோட்டார் சுவிட்ச் பெட்டியை எட்டிப் பார்த்தால், உள்ளே தேங்காய் நார், மாரியின் பழைய பனியன், நடுவே சரிகை மின்னும் மாலை நூல். அதன்மேல் விரல் நீளத்தில் அணில் குட்டிகள், ஒன்றின்மேல் ஒன்றாக.

மாரி ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, "இத்த எட்த்து அப்பால போட்டுட்டு மோட்டர போடுவேன்மே. சம்மந்தியம்மாவுக்குக் கால் கழுவத் தண்ணி இல்ல" என்றான்.

"கண்ணுகூட தொறக்கலய்யா. அதுங்க படுக்கையப் பிச்சி எட்த்துகினு போய்ப் பெருமாளாண்ட குட்த்தா, அவரு கைநீட்டி வாங்குவாரா?" என்றாள் தனக்கோடி.

ஆனாலும் மனசு கேட்காமல் சரிகையை லேசாக இழுத்துப் பார்த்தாள். ஒரு குட்டி புரண்டு விழுந்தது. "தெரியாம செஞ்சிட்டேண்டா கண்ணு" என்று அதை நாரால் தள்ளி உள்ளே விட்டுவிட்டு, மணி வீட்டில் நாலு குடம் தண்ணீர் பிடித்துவந்து வைத்தாள்.

விருந்தாளிகள் வந்தார்கள். தனக்கோடி காபி கொடுத்தாள், கேசரி கொடுத்தாள், மறுபடியும் காபி கொடுத்தாள். கிளம்பலாமா என்று அமிர்தவல்லி கேட்டதற்கு, வெள்ளிக்கிழமைக் கூட்டம் கொஞ்சம் குறையட்டும் என்றாள். பிறகு ராகுகாலம் வந்து அவளைக் காப்பாற்றியது. அது முடிந்தபோது கோயில் நடை சாத்தும் நேரம், அதுவும் காப்பாற்றியது. சாப்பாடு போட்டாள். சாப்பிட்டுக் கைகழுவப் போன அமிர்தவல்லி குழாயைத் திருகினாள், காற்று வந்தது. மோட்டார் எங்கே என்று தானே கொல்லைக்கு நடந்தாள். தனக்கோடி பின்னாலேயே ஓடினாள், எச்சில் கையோடு மற்றவர்களும்.

இனி மறைக்க முடியாது. பையில் ஓட்டை விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் தனக்கோடிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அமிர்தவல்லி அவள் பக்கம் திரும்பவே இல்லை. பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினி கீது சம்மந்தி?"

"மூணு."

அமிர்தவல்லி நிதானமாகத் திரும்பி மருமகளைப் பார்த்தாள். "எம் மருமவ மாலையில மூணு."

"அத்தே, அதுக்கு இன்னாத்துக்கு என் மூஞ்சியப் பாக்கறீங்க?" என்றாள் சங்கவி. தீனா சட்டென்று வேலிமேல் நின்ற மயிலை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தான்.

இப்படி ஒரு நல்ல சகுனம் கிடைத்திருக்கும்போது குட்டிகளைத் தொடவே கூடாது, ஆனால் மாலையும் இன்றைக்கே போய்ச் சேர வேண்டும் என்று அமிர்தவல்லி தீர்ப்புச் சொன்னாள். இரண்டும் எப்படி நடக்கும் என்று மாரி கேட்டான். அதைப் பெருமாள் பார்த்துக்கொள்வார் என்றாள். அணில் வர வழிவிட்டு எல்லோரும் தள்ளிப்போய் முருங்கையடியில் நின்றார்கள். ஆள் கை பட்ட இடம் என்று தெரிந்துகொண்ட தாய் அணில் சுவர்மேல் நின்று கீச்சுக் கீச்சென்று வைதுகொண்டிருந்தது. ஆள் விலகியதும் குடுகுடுவென்று இறங்கி, ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு, குளியலறைக் கூரைமேல் ஏறி, கோவைக்கொடி அடர்த்திக்குள் மறைந்தது.

"ஒண்ணு" என்றாள் அமிர்தவல்லி.

திரும்பி வந்தது. இரண்டு. இன்னொரு தடவை வந்தது. மூன்று. தனக்கோடி கன்னத்தில் போட்டுக்கொண்டு மாலையை எடுக்க அடியெடுத்து வைத்தாள். அதற்குள் அணில் மறுபடி பெட்டிக்குள் புகுந்து, பனியனுக்கு அடியிலிருந்து இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்தது.

"நாலு" என்றாள் அமிர்தவல்லி. சங்கவி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

குட்டிகள் பெரிசாகும் வரைக்கும் அந்தக் கொடியில் ஒரு இலையைக்கூட கிள்ளக்கூடாது என்று சம்பந்தியம்மா உத்தரவு போட்டாள். ஜேசிபிக்காரனிடம் பேசி வைத்திருந்த மாரி ஃபியூஸ் மாட்டப் போனான்.

சாயங்காலம் நடை திறந்ததும், கூட்டை அப்படியே தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். பனியனையாவது உருவிவிடலாம் என்று சங்கவி கெஞ்சியது எடுபடவில்லை. பிராகாரம் சுற்றி, மாலைகளைச் சேர்க்கும் இடத்தில் அதையும் சேர்த்துவிட்டு, சன்னதி முன்னால் வரிசையாக நின்றார்கள். தனக்கோடி கைகூப்பினாள். இத்தனை மாதமாக ஒன்றையே கேட்டுப் பழகிய வாய்க்கு இன்றைக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. பக்கத்தில் அமிர்தவல்லி கண்ணை இறுக மூடிக்கொண்டு, பெருமாளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று நாலு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

சங்கவி எட்டி, அதில் இரண்டை மெதுவாக மடக்கிவிட்டாள்.