எட்டாம் நம்பர் பிரேமின் சத்தம்

கேசட் கடைக்காரர் பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "தம்பி, இதுல பாட்டு எப்ப வரும்?" என்றார்.

வந்துகொண்டுதான் இருந்தது. வாடகைக் கீபோர்டில் தாளம், கல்யாண பேண்டில் வாசிக்கும் நண்பனின் கிளாரினெட், அதன்மேல் மூச்சுவிடாமல் நான் பேசும் பேச்சு. தொண்ணூறுகளில் கல்லூரி விடுதியில் கைமாறி வந்த வெளிநாட்டுக் கேசட்டுகளில் ராப், ஜாஸ், ரேவ் என்று தனித்தனியாகக் கேட்டதையெல்லாம் ஒன்றாகப் போட்டுக் கலக்கியிருந்தேன். அடியில் முழுக்க ஓடுவது ராஜபாளையத்தில் அப்பா வேலை பார்த்த நூற்பாலையில் நூல் நூற்கும் 'பிரேம்' எந்திரத்தின் இரைச்சல். அப்பாவுக்குக் கொண்டுபோன சாப்பாட்டுப் பையில் டேப்ரிக்கார்டரை ஒளித்துவைத்து நான் பதிந்தது.

"மில் சத்தத்த எடுத்துட்டு வா, விக்கேன்."

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அது என் முதல் ஆல்பம். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்; படித்தவன் என்பதற்காக அந்தச் சத்தத்தைத் துடைத்துவிட வேண்டுமா? அந்தச் சத்தத்தோடு வாழ்கிறவர்கள் கேசட்டின் ஒரு பக்கத்தையாவது முழுதாகக் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நாலு மணி ஷிப்ட் முடிந்து ஆட்கள் ஏறும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் டேப் உண்டு. என் கேசட்டைப் போட டிரைவரை ஒரு வாரம் நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன். அன்று அப்பாவும் அதில்தான் வந்தார், தலைமுடியெல்லாம் பஞ்சோடு. அவரிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

ஊர் தாண்டுவதற்குள் டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். "பேரிங் போச்சு போலயே" என்று இறங்கிச் சக்கரம் சக்கரமாகக் குனிந்து பார்த்தார். எஞ்சினை அணைத்தும் கீச்சுச் சத்தம் நிற்கவில்லை.

"வண்டியில இல்லண்ணே, கேசட்ல" என்றேன்.

பஸ்ஸே சிரித்தது. பின்சீட்டு அக்கா ஒருவர், "ஏலே, எட்டு மணி நேரம் அந்த எழவக் கேட்டுட்டு இப்பத்தான் வாரோம். காதுல வச்ச பஞ்ச எடுத்தது தப்பாப் போச்சே!" என்றார்.

டிரைவர் கேசட்டை உருவ வந்தார். நான் டேப்பின் மேல் கையை வைத்து மறைத்தேன்.

"கைய எடு."

"ஒரு பக்கம் முடியட்டும்ணே."

அப்பா எழுந்து வந்தார். "எட்டாம் நம்பர் பிரேமுல்ல இது? இதுக்குள்ள எப்படிலே வந்துச்சு?"

"நாந்தாம்ப்பா பிடிச்சேன்."

"நாள் பூரா அதுகிட்டயே நிக்கேன். பஸ்லயாவது விடக்கூடாதா?"

நியாயமான கேள்வி. ஆனால் கையை எடுக்கவில்லை.

"நேரமாச்சு. எக்கேடும் கெட்டுப் போ" என்று டிரைவர் வண்டியைக் கிளப்பினார். கிளாரினெட் வந்தபோது சிலர் பேச்சை நிறுத்தினார்கள். பலர் நிறுத்தவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எல்லாரும் இறங்கிய பிறகும் மூன்று நிமிடம் பாக்கி இருந்தது. அப்பா மட்டும் கம்பியைப் பிடித்தபடி நின்றார். டேப் டக்கென்று நின்ற பிறகுதான் இறங்கினார்.

வீட்டுக்கு நடந்தோம்; மடவார் வளாகம் கோயில் வந்தது. அப்பா சொன்னார்: "அந்த பிரேமுக்குப் பேரிங் போச்சுன்னு மூணு மாசமாச் சொல்லுதேன், ஒருத்தனும் மாத்தல. அந்தக் கீச்சுச் சத்தத்த இன்னுங் கொஞ்சம் கூட்டி வைலே. மில் மேஸ்திரியும் இந்த பஸ்லதான் வாராரு, அவரு காதுல ஏறல."

கூட்டி வைத்தேன். அடுத்த வாரம் அதே பஸ்ஸில் ஏறினேன்.