பசறையில் வீடு பார்த்த ஞாயிறு

அது ஐம்பதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில், பசறைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியையாக இருந்தேன். அங்கே தொழிலாளர்களை வேலை வாங்கும் கங்காணியாக இருந்த அப்பா அந்த வருடக் கடைசியில் வேலையிலிருந்து நிற்க வேண்டும். வேலை போனால் தோட்டத்து வீடும் போய்விடும். எங்கே போவது என்று தவித்துக்கொண்டிருந்தபோதுதான், டவுனில் கடையொன்றில் வேலை பார்த்த அண்ணன் ஒரு சேதி கொண்டுவந்தார். வயல் பக்கமாக ஒரு பழைய காலத்து வீடு விலைக்கு வந்திருக்கிறதாம். சிவப்பு ஓடு, வாசலில் பலாமரம். அந்த வாரம் முழுவதும் எங்களுக்கு வேறு பேச்சே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் பஸ் ஏறினோம். அம்மா கல்யாணத்துக்குப் போவது போலப் பட்டுச் சேலை கட்டியிருந்தார். ஒவ்வொரு வளைவிலும் "இதுவா, அதுவா" என்று எட்டி எட்டிப் பார்த்தார்.

இறங்கியதுமே பலாமரம் தெரிந்தது. சிவப்பு ஓடும் தெரிந்தது. கதவைத் திறந்த அம்மையார் எங்களை யார், எவர் என்றுகூடக் கேட்கவில்லை. "வாங்கோ, உள்ளுக்கு வந்து இருங்கோ. அவர் இப்ப வந்திடுவார்" என்று யாழ்ப்பாணப் பேச்சில் உபசரித்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.

அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து அறை அறையாகப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். உயரமான கூரை, பலகைத் தரை, பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல்கள். அப்பா சுவரைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். ஒரே அறையில் எல்லாரோடும் படுத்து வளர்ந்த நான், பின்பக்க ஜன்னலைத் திறந்து, "இது எனக்கு!" என்று கத்தியே விட்டேன்.

அம்மையார் தேத்தண்ணியோடு வந்தார். அம்மா சந்தோஷம் தாங்காமல், "வீடு ரொம்பப் புடிச்சிருக்குங்க. அடுப்படிச் சொவர மட்டும் இடிச்சுப் பெருசாக்கணும். நீங்க எப்பங்க காலி பண்ணுவீங்க?" என்றார்.

"நாங்கள் ஏனம்மா காலி பண்ண வேணும்?"

பிறகுதான் விஷயம் புரிந்தது. அது ஒரு டாக்டரின் வீடு. மருந்துக்காகத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வருவது வழக்கமாம். எங்களையும் அப்படித்தான் அம்மையார் நினைத்திருக்கிறார். விற்கிற வீடு அடுத்த வளைவில் இருந்தது. அங்கேயும் வாசலில் பலாமரம்!

அப்பா பதறி எழுந்து கைகூப்பினார். "மன்னிச்சிருங்கம்மா, தெரியாம வந்துட்டோம்."

அம்மையார் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ. நானே கூட்டிக்கொண்டு போறன்" என்றார்.

விலைக்கு வந்த வீட்டின் சொந்தக்காரர் வயதானவர். கொழும்பில் இருந்த மகனோடு போய் இருக்கப்போகிறவர். எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அம்மையாரிடம் மட்டும் பேசினார். "தோட்டத்து ஆக்களோ? வேற ஆக்களும் கேட்டிருக்கினம். யோசிச்சுத்தான் சொல்லலாம்."

அப்பா வாசல் படலையை நோக்கித் திரும்பினார். அம்மாவும் நானும் அவர் பின்னால் நடந்தோம். அம்மையாரோ நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"நீங்கள் கொழும்புக்குப் போயிடுவியள். பக்கத்தில இருக்கப்போறது நான். எனக்கு இவையைப் பிடிச்சிருக்கு. இவையே வரட்டும்."

பெரியவர் சாவியை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். "சரி, உள்ளுக்குப் போய்ப் பாருங்கோ."

படியேறும் முன், "இதுதானுங்களா விக்கிற வீடு?" என்று அம்மா கேட்டதும், அந்தப் பெரியவரே சிரித்துவிட்டார்.

தைப்பொங்கலுக்கு முன்பே அங்கே குடிபோனோம். பால் காய்ச்சிய அன்று, சொந்த வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்ற அப்பாவின் முகம் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. எங்கள் அயலுக்கு யாராவது புதிதாகக் குடிவந்தால், அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று ஊர் விசாரிக்கத் தொடங்குமுன் நானே முதல் ஆளாகப் போய்ப் பேசிவிடுவேன்; முன்பின் தெரியாத மூன்று பேருக்காக அந்த அம்மையார் அன்று சொன்ன வார்த்தைக்கு வேறெப்படிக் கைம்மாறு செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.