பிடியரிசி போய்ச் சேர்ந்த வீடு

வீட்டுக்கு வரும் நினைவு மலர்களை எங்கள் அம்மா ஒரு வரி விடாமல் வாசிப்பார்கள். வாசித்து முடித்ததும், "இம்புட்டு நல்லவுகளா இருந்தது ஊருல ஒருத்தருக்கும் தெரியாமப் போச்சே" என்பார்கள். அம்மா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறையும் இந்நாளில் நான் பூசி மெழுகி எழுதினால் அவர்களே நம்பமாட்டார்கள். ஆகவே உள்ளதை எழுதுகிறேன். எங்கள் அம்மா எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள்.

சேவுகம்பட்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, திண்டுக்கல்லுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். அப்பா பள்ளி ஆசிரியர். நானும் தம்பியும் பள்ளியில் படிக்கும்போதே அப்பா மாரடைப்பில் போய்விட்டார்கள். துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர், அப்பாவுக்குப் பதிலாகக் கிடைக்கும் வாரிசு வேலை யாருக்குப் போகும் என்று மோப்பம் பிடிக்கத்தான் வந்தார்கள் என்பது அம்மாவின் முடிவு. உறவினர்கள் கோபிக்க வேண்டாம், நீங்கள் மற்றப் பாதியில் இருந்திருப்பீர்கள். அம்மாவே அதே பள்ளியில் அலுவலக உதவியாளராகச் சேர்ந்து எங்களை ஆளாக்கினார்கள். பால்காரர் முன்னாலேயே பாலை விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். போதகர் ஜெபத்தை நீட்டினால், "இன்னைக்குப் பிரசங்கம் தயார் பண்ணல போல" என்று என் காதில் சொல்வார்கள்.

தொண்ணூறுகளில் அம்மா எங்கள் சபையின் பெண்கள் சங்கத் தலைவியாக இருந்தார்கள். ரெட்டியார்சத்திரத்துக்கு அப்பால் ஒரு சிறிய கிராமச் சபையை நாங்கள் தாங்கி வந்தோம். அங்கே ஓட்டுக் கூரை ஆலயம் ஒன்றும், ஊழியம் செய்ய ஓர் உபதேசியாரும், அவர் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். உபதேசியாருக்குச் சம்பளம் சொற்பம். அதனால் எங்கள் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டுப் பிடியரிசியும் ஆலயத்தில் ஒரே சாக்கில் விழும். மாதம் ஒருமுறை அந்தச் சாக்கு பஸ் ஏறும்.

ஒருநாள் சங்கத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி வந்து, "அக்கா, உபதேசியார் சம்சாரம் நம்ம அரிசிய இட்லிக் கடையில போட்டுட்டு, ரேஷன் அரிசி வாங்கிட்டுப் போகுதாம்" என்றார்.

"நான் அப்பவே நெனச்சேன். அந்த மனுசன் வேட்டி அம்புட்டு வெள்ளையா இருக்கும்போதே நெனச்சேன்" என்றார்கள் அம்மா.

அடுத்த கூட்டத்தில் உபதேசியாரை நீக்கச் சொல்லித் தீர்மானம் போடுவதாகச் சங்கத்தில் அறிவித்தும்விட்டார்கள். வேலை போனால் அந்தக் குடும்பத்துக்குப் போக்கிடம் கிடையாது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் அம்மாவிடம் யார் பேசுவது?

கூட்டத்துக்கு முன்பு, சொல்லாமல் கொள்ளாமல், அந்த மாதச் சாக்கோடு அம்மா நேரில் கிளம்பினார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நானும் கூடப் போனேன். உபதேசியார் வெளியூர் போயிருந்தார். வீட்டில் அவர் மனைவிதான் இருந்தார், ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர்.

"வாங்கம்மா. சொல்லியிருந்தா காப்பிக்குப் பால் வாங்கி வெச்சிருப்பேனுங்க."

"காப்பி வேணாம். இந்த அரிசியில ஒல வையி. சாப்ட்டுட்டுத்தான் போவேன்."

அவர் முகம் மாறியது. "இதுலயேங்களா?" என்றார். அகப்பட்டுக்கொண்டாள் என்று அம்மா என்னைப் பார்த்தார்கள். அடுப்படியிலேயே பலகையைப் போட்டு உட்கார்ந்தும்விட்டார்கள்.

சோறு இறங்கியது. பாதி கூழாகக் குழைந்திருந்தது, பாதி வேகவே இல்லை. ஒரு வாய் போட்டுப் பார்த்த அம்மா, "வேணும்னே கெடுத்திருக்க. தள்ளு, நான் பொங்குறேன்" என்று சேலையைச் செருகிக்கொண்டார்கள். ஆலயத்தில் ஊருக்கே சோறு போடும் அசன விருந்துக்கு அண்டா அண்டாவாகப் பொங்கிய கை அது. தண்ணீரை அளந்து, தீயைக் குறைத்து, பதம் பார்த்துப் பார்த்துப் பொங்கினார்கள். அதுவும் அதே கதிதான்.

அம்மா கரண்டியில் எடுத்த பருக்கைகளை ஒவ்வொன்றாக விரலால் நசுக்கிப் பார்த்தார்கள்.

"நாப்பது வீட்டு அரிசிங்கம்மா. பச்சரிசி, புழுங்கரிசி, புதுசு, பழசு எல்லாம் ஒண்ணாக் கெடக்குது. ஒண்ணு வேகறதுக்குள்ள இன்னொண்ணு கொழஞ்சு போயிருதுங்க. புள்ளைங்களுக்கு வயித்து வலி வந்துருது. இட்லிக் கடைன்னா ஊற வெச்சு ஆட்டிக்குவாங்க."

"இத்தன வருசமா ஏம்மா வாயத் தொறக்கல?"

"காணிக்கையப் போய்க் கொறை சொல்லலாங்களா?"

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அழுகிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். "என்ன பாக்குற?" என்று அதட்டினார்கள். கண் சிவந்துதான் இருந்தது.

சங்கக் கூட்டத்தன்று, அந்த வாரத்துப் பிடியரிசியைத் தம் கையாலேயே பொங்கி, சாம்பார் ஊற்றி எல்லாருக்கும் இலை போட்டார்கள். ஆளுக்கு ஒரு வாய் வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"இதத்தான் அந்தப் புள்ளைகளுக்கு அனுப்பிச்சிருக்கோம். அவளத் திருடின்னு சொன்னவ நான். நான் மிச்சம் வைக்கப் போறதில்ல. நீங்க வைக்கிறதும் வைக்காததும் ஒங்க இஷ்டம்" என்று சொல்லி, தம் இலையை வழித்துச் சாப்பிட்டார்கள். உபதேசியாரை நீக்கும் பேச்சு அன்றோடு போயிற்று. பிறகு மாதம் ஒரு வீட்டார் ஒரே வகை அரிசியை மொத்தமாகக் கொடுத்தார்கள். அந்த வீட்டாரையும் அம்மா நம்பவில்லை. சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்துத்தான் பஸ் ஏற்றினார்கள்.

கடைசி ஆண்டுகளில் சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் அம்மாவைப் படுக்கையில் தள்ளின. அவர்களுடைய ஆயிரம் கேள்விகளைப் பொறுத்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் நன்றி. முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்த தெருவாருக்கும் நன்றி. முகர்ந்து பார்த்துவிட்டே சாப்பிட்டதற்கு அம்மா சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அடக்க ஆராதனையை நடத்திய போதகருக்கும், தோள் கொடுத்த உறவினர் அனைவருக்கும் நானும் தம்பியும் கடமைப்பட்டிருக்கிறோம்.

கடைசி வாரம் முழுவதும் அம்மாவுக்குத் தலை வாரி, உடம்பு துடைத்து, பக்கத்திலேயே இருந்தவர் அந்த உபதேசியாரின் மனைவி. அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அடக்கம் முடிந்து வீடு திரும்பியபின் அவரிடம் கேட்டேன்: "அன்னைக்கு அம்மா அப்படி வந்து நின்னதுல ஒங்களுக்கு வருத்தமே இல்லையாக்கா?"

"இருந்துச்சுங்க. ராத்திரியெல்லாம் அழுதேன். அப்பறமா யோசிச்சுப் பாத்தேன். எங்க மேல நம்பிக்க வெச்சவங்க எத்தனையோ பேருங்க. ஒருத்தரும் எங்க அடுப்படி வரைக்கும் வந்து, என்ன சாப்பிடறீங்கன்னு பாக்கலீங்க. சந்தேகப்பட்டு வந்த ஒங்கம்மா ஒருத்தர்தானுங்க பாத்தாங்க."